வந்த வேலை முடிந்ததா? முதல் வெப்சைட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாக வெப்சைட் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கலரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீலமா பச்சையா, லோகோ எவ்வளவு பெரிதாக வைக்கலாம், மேலே என்ன படம் ஓடலாம் என்றே ஒரு வாரம் போய்விடும். தளத்துக்கு வருகிறவருக்கு இதில் எதிலும் அக்கறை கிடையாது. அவர் ஏதோ ஒரு வேலையாக வந்திருக்கிறார். அது சட்டென்று முடிந்தால் நல்ல டிசைன். தேடி அலைந்து எரிச்சலோடு மூடிவிட்டுப் போனால் மோசமான டிசைன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான் என்பது என் கட்சி.

அழகு வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆனால் அழகு இல்லாமலும் ஒரு தளம் ஜெயிக்கும். வேலை முடியாத தளம் எவ்வளவு பளபளத்தாலும் தேறாது. 1990-களில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளத்தைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி, வரிசையாக நீல லிங்க்குகள், அவ்வளவுதான். ஏறக்குறைய அதே தோற்றத்தில் பல வருடம் ஓட்டியும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்னொன்று பிரிட்டிஷ் அரசின் கவ் டாட் யூகே. 2013-ல் லண்டன் டிசைன் மியூசியம் ஆண்டின் சிறந்த டிசைன் விருதை அதற்குக் கொடுத்தது. போட்டியில் ஷார்ட் என்ற வானளாவிய கட்டடமும் இருந்தது. கறுப்பு எழுத்தும் நீல லிங்க்கும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லாத அரசுத் தளம் அதை முந்தியது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவருக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அதில் குழப்பமில்லாமல் தெரிகிறது என்பதுதான் அதன் சிறப்பு.

கீழே வரும் படிகளை ஒரு பல் மருத்துவமனையின் தளத்தை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது பள்ளியாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

## கம்ப்யூட்டரைத் திறக்காமல் செய்ய வேண்டியது

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், வருகிறவருக்கு என்ன வேண்டும். வலது பக்கம், உங்களுக்கு என்ன காட்ட ஆசை. பல் மருத்துவமனை என்றால் இடது பக்கம் இப்படி இருக்கும்: இன்று திறந்திருக்கிறதா, எங்கே இருக்கிறது, இப்போதே பேச போன் நம்பர் என்ன, எந்த நாளில் வரலாம், எவ்வளவு செலவாகும். வலது பக்கம்: நிறுவனரின் படம், வரவேற்புரை, வாங்கிய விருதுகள், திறப்பு விழாப் புகைப்படங்கள். மோசமான தளங்களில் பாதி, வலது பக்கத்தை மட்டும் வைத்துச் செய்தவை.

இடது பக்கத்தை நீங்களாகக் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். வரவேற்பறையில் போன் எடுப்பவரிடம் கேளுங்கள். தினமும் எதைக் கேட்டு போன் வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விகளில் முதல் நான்கைந்தும் உங்கள் முகப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியவை. மிச்சம் உள்ளே போகலாம். வலது பக்கத்தில் உள்ளதில் நம்பிக்கை தரக்கூடியவற்றை, உதாரணமாக டாக்டரின் படிப்பு, அனுபவம், மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## டிசைனுக்கு முன் சொற்கள்

அடுத்து டெம்ப்ளேட்டை, அதாவது தயாராகக் கிடைக்கும் பக்க அமைப்பை, தேடி ஓடாதீர்கள். தளத்தில் வரப்போகும் வாக்கியங்களை எழுதிவிடுங்கள். டெம்ப்ளேட்டில் 'லோரம் இப்சம்' என்று ஏதோ லத்தீன் மாதிரி நிரப்பியிருப்பார்கள். எல்லாத் தலைப்பும் இரண்டே சொல், எல்லாப் பத்தியும் மூன்று வரி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். உங்கள் உண்மையான விஷயத்தைப் போட்டதும் ஒரு பெட்டி பிதுங்கும், பக்கத்துப் பெட்டி காலியாகக் கிடக்கும். அப்புறம் பெட்டியை நிரப்ப இல்லாத விஷயத்தை எழுத ஆரம்பிப்பீர்கள். வெட்டிப் பேச்சு தளங்களுக்குள் நுழைவது இப்படித்தான்.

'நவீனத் தொழில்நுட்பத்துடன் கூடிய ஒருங்கிணைந்த பல் பராமரிப்புத் தீர்வுகள்' என்று எழுதியிருந்தால், அதைப் படித்து யாருக்கும் எதுவும் புரியாது. 'பல்வலி, சொத்தை, வேர் சிகிச்சை, பல் கட்டுதல். திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் இரவு 8 வரை.' இதைப் பார்த்ததும் வலியோடு வந்தவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'எங்கள் தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். அதை அழித்ததால் எவரும் வருத்தப்பட்டதில்லை.

திரையில் யாரும் வரிக்கு வரி படிப்பதில்லை. தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சனின் குழுவினர் கண் அசைவைப் பதிவு செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பார்வை பெரும்பாலும் ஆங்கில 'எஃப்' எழுத்து மாதிரி போவது தெரிந்தது. மேலே ஒரு நீள ஓட்டம், கொஞ்சம் கீழே இன்னொரு சின்ன ஓட்டம், அப்புறம் இடது ஓரமாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே தலைப்பின் முதல் ஒன்றிரண்டு சொல்லிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். தமிழில் இது கொஞ்சம் கவனித்துச் செய்ய வேண்டிய வேலை, ஏனென்றால் நமக்கு முக்கியமான சொல் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஏற்கெனவே பதிவு செய்துள்ள நேரத்தை ரத்து செய்வது எப்படி' என்பதை 'ரத்து செய்ய, நேரம் மாற்ற' என்று எழுதினால் ஓரப் பார்வையிலேயே பட்டுவிடும்.

## முதல் திரை

போனில் தளத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமல் என்ன தெரிகிறதோ அதுதான் முதல் திரை. அதில் மூன்று விஷயம் போதும்: இது யாருடைய தளம், இங்கே என்ன கிடைக்கும், அடுத்து எதைத் தொட வேண்டும். பல் மருத்துவமனைக்கு, பெயர், ஒரு வரி விளக்கம், இன்றைய நேரம், 'போன் செய்ய', 'நேரம் பதிவு செய்ய' என்று இரண்டு பட்டன்.

புதியவர்கள் இந்த இடத்தில் தவறாமல் வைப்பது தானாக மாறும் படவரிசை. ஸ்லைடர் என்பார்கள். எனக்கு அதன்மேல் கொஞ்சம் கோபமே உண்டு. முதல் படத்தில் இருக்கும் வாக்கியத்தைப் பாதி படிக்கும்போது அது நழுவிப் போய்விடும். மூன்றாவது படத்தில் இருக்கும் முக்கியமான செய்தி வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். நிறுவனத்தில் ஐந்து பிரிவு, ஐந்து பேருக்கும் முகப்பில் இடம் வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகவே பல ஸ்லைடர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வைத்தே தீர வேண்டும் என்றால் நிறுத்துகிற பட்டனாவது வையுங்கள். தானாக ஓடத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் பக்கத்தில் அசைந்துகொண்டிருக்கும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் விதிகளே (டபிள்யூ.சி.ஏ.ஜி, உடல் குறைபாடு உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கானவை) சொல்கின்றன.

அதே போல, முக்கியமான அறிவிப்பு என்று சிவப்புப் பெட்டியில் மின்ன விடுவதும் எதிர்மாறான பலனைத்தான் தரும். விளம்பரம் மாதிரித் தெரிகிற எதையும் கண் தாண்டிப் போய்விடுகிறது என்பதை 1990-களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் கவனித்து எழுதிவிட்டார்கள். சாதாரண எழுத்தில், பக்கத்தின் நடுவில், பத்தியோடு பத்தியாக எழுதினால் படிக்கிறார்கள்.

## மெனுவில் புத்திசாலித்தனம் வேண்டாம்

உங்கள் தளத்துக்கு வருகிறவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார். இதுவும் நீல்சன் சொன்னதுதான். லோகோவைத் தொட்டால் முகப்புக்குப் போகும், பூதக்கண்ணாடி என்றால் தேடல், அடிக்கோடு போட்ட எழுத்து என்றால் லிங்க் என்றெல்லாம் அவர் அங்கே பழகி வந்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை மாற்ற முயற்சி செய்ய வேண்டாம். 'சேவைகள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'புன்னகையின் பாதை' என்று எழுதினால் கவிதை நன்றாக இருக்கும், சொத்தைப் பல்லுக்கு எங்கே போவது என்று தெரியாது.

பெரிய திரையில் இடம் தாராளமாக இருக்கும்போதும் மெனுவை மூன்று கோடு போட்ட பட்டனுக்குள் ஒளித்து வைப்பது தேவையில்லாத வேலை. ஐந்தாறு சொல்தானே, வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு லிங்க்கையும் புதிய டேபில் திறக்க வைக்காதீர்கள்; பின்னால் போகும் பட்டன் வேலை செய்யாமல் போய்விடும். இன்னொன்று, எல்லாரும் முகப்பு வழியாக நுழைவதில்லை. தேடுபொறியிலிருந்து நேராக 'வேர் சிகிச்சை' பக்கத்தில் வந்து இறங்குவார்கள். அந்தப் பக்கத்திலும் போன் நம்பரும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

## படிக்க முடிகிறதா

மெல்லிய சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவது ஒரு நாகரிகமாகவே பரவியிருக்கிறது. டிசைன் செய்தவரின் பெரிய மானிட்டரில் அது பாந்தமாகத் தெரியும். வெயிலில் போனைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இதற்கு அளவு உண்டு: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அதே டபிள்யூ.சி.ஏ.ஜி விதி. இரண்டு கலர் குறியீடுகளைக் கொடுத்தால் இந்த எண்ணைச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள்.

எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். பிரவுசர்களின் இயல்பான அளவே அதுதான். கலரை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். பச்சைக் கட்டம் என்றால் நேரம் காலி, சிவப்பு என்றால் நிரம்பிவிட்டது என்று வைத்தால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டத்துக்குள் 'காலி' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் தளம் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. நம் சொற்கள் நீளம். ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் இரண்டு வரியாக உடையும், இல்லை வெளியே வழியும். 'அனுப்பு' போதுமே. வரிகளை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தாதீர்கள்; நீளச் சொற்கள் காரணமாக நடுநடுவே பெரிய ஓட்டைகள் விழும், இடதுபக்கம் மட்டும் சீராக இருந்தால் நல்லது. மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் நம்மிடம் அதிகம் என்பதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் மேல்வரியும் கீழ்வரியும் உரசிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதோடு நில்லுங்கள்.

எழுத்தைப் படமாக்கிப் போடுவதும் நம் தளங்களில் விடாத ஒரு பழக்கம். எல்லாக் கருவியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வைக்கும் யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவைக் கேட்ட காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது இல்லை. படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலை எளிதாகத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவரின் போன் அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது.

## போனில் தொடங்குங்கள்

திரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம் என்ற யோசனைக்கு 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்று ஈத்தன் மார்காட் என்ற வெப் டிசைனர் பெயர் வைத்தது 2010-ல். இன்று எந்த டெம்ப்ளேட்டும் அதைச் செய்கிறது. ஆனாலும் பலர் கம்ப்யூட்டரில் முழுதாகச் செய்துவிட்டு, கடைசி நாளில்தான் போனில் திறந்து பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். சின்னத் திரையில் எது முதலில் வர வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பெரிய திரை தானாக அமையும்.

தொடுகிற பட்டன் விரலுக்கு அடங்க வேண்டும். அகலமும் உயரமும் குறைந்தது 44 பாயின்ட் (திரையில் அளக்கும் அலகு) என்கிறது ஆப்பிள்; கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன், டிபி என்ற தன் அலகில் 48 என்கிறது. அருகருகே 'உறுதி செய்', 'ரத்து செய்' என்று இரண்டு குட்டி லிங்க்குகளை வைத்துவிட்டு ஆட்கள் தவறாகத் தொடுகிறார்கள் என்று குறைப்பட முடியாது. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரிகிற விஷயம் போனில் தெரியவே தெரியாது. போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், முகவரியைத் தொட்டால் மேப் திறக்க வேண்டும். விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுத்து வைத்திருக்கும் தளங்களும் உண்டு. கண்ணாடி போட்டவர்களிடம் அந்தத் தளம் செய்தவர்களுக்கு என்ன பகையோ தெரியவில்லை.

இன்னொரு சோதனை: மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை, கீழே குக்கி (தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு) பற்றிய அறிவிப்பு, ஓரத்தில் சாட் உருண்டை, 'ஆப்பை நிறுவுங்கள்' என்ற துண்டு, எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். படிக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? பாதித் திரைக்கும் குறைவு என்றால் ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பியுங்கள். வந்ததும் முகத்துக்கு நேரே விரிந்து மறைக்கும் பாப்-அப்களைக் கூகுள் தேடலே 2017 ஜனவரி முதல் ஒரு குறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

## வேகம்

கூகுள் மூன்று அளவு வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கான பதில் 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். மூன்றாவது, லோட் ஆகும்போது பக்கம் குதிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை அனுபவிக்காத ஆளே இருக்க முடியாது. 'நேரம் பதிவு செய்ய' என்ற பட்டனை நோக்கி விரல் இறங்குகிறது. அந்த நொடியில் மேலே ஒரு படம் லோட் ஆகி எல்லாம் கீழே தள்ளப்படுகிறது. விரல் பட்ட இடத்தில் இப்போது ஏதோ விளம்பரம். காரணம் மிகச் சின்னது: படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் நிரலில் குறிப்பிடாமல் விட்டது. குறிப்பிட்டால் பிரவுசர் முன்கூட்டியே அந்த இடத்தை ஒதுக்கி வைத்துவிடும்.

தாமதத்துக்கு முதல் குற்றவாளி பெரும்பாலும் படங்கள்தான். கேமராவில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றி, 400 பிக்சல் பெட்டியில் காட்டுவார்கள். தேவையான அளவுக்குச் சுருக்கி, வெப்-பி மாதிரியான வடிவத்தில் சேமியுங்கள். அடுத்த குற்றவாளி, 'இருக்கட்டுமே' என்று சேர்த்த பிளக்இன்கள், அதாவது கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எது இழுக்கிறது என்று பட்டியல் வரும். அதில் 100-க்கு 100 வாங்கும் வெறியில் இறங்க வேண்டாம். ஒரு பழைய போனில், சுமாரான சிக்னலில் திறந்து பாருங்கள். நீங்களே சலித்துக்கொண்டால் இன்னும் வேலை இருக்கிறது.

## படிவம்: தளங்கள் தோற்கிற இடம்

எல்லாம் சரியாக இருந்து, ஃபார்மில் ஆளை விரட்டிவிடும் தளங்கள் ஏராளம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தகவலை நாளைக்கு யார், என்ன செய்யப்போகிறார்கள்? பல் டாக்டரிடம் நேரம் வாங்கப் பெயர், போன் நம்பர், வசதியான நாள் போதும். பிறந்த தேதி, முழு முகவரி, எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்பதெல்லாம் ஆள் நேரில் வந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம், இல்லை கேட்காமலே விடலாம்.

கணக்கு தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது இன்னும் மோசம். ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் எழுதிய ஒரு சம்பவம் இந்தத் துறையில் பிரபலம். பெயர் சொல்லாத ஒரு பெரிய ஆன்லைன் கடை. பொருளைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், பணம் கட்டுவதற்கு முன், உள்நுழையுங்கள் அல்லது பதிவு செய்யுங்கள் என்று ஒரு படிவம் வழிமறிக்கும். புதியவர்கள் எரிச்சலானார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சல், எந்த பாஸ்வேர்ட் என்று நினைவில்லை. பதிவுப் பட்டனை எடுத்துவிட்டு 'தொடரவும்' என்று ஒரு பட்டனும், வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு குறிப்பும் வைத்தார்கள். முதல் வருடத்திலேயே விற்பனை 30 கோடி டாலர் கூடியது என்று அவர் எழுதினார்.

பெட்டியின் பெயரை மேலே, எப்போதும் தெரியும்படி எழுதுங்கள். பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைத்தால் தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதியில் ஒரு போன் வந்து திரும்பினால் எந்தப் பெட்டிக்கு என்ன என்று தெரியாது. போன் நம்பர் பெட்டியைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். ஐபோனில், பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குச் சின்னதாக இருந்தால் தொட்டதும் பக்கமே பெரிதாகி ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள். பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரித்து இரண்டையும் கட்டாயமாக்கினால், இனிஷியல் மட்டும் உள்ள நம்மவர்கள் 'கே' என்று ஓரெழுத்தைப் போடுவார்கள்; குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று அது திருப்பி அனுப்பும்.

பிழைச் செய்தியில்தான் ஒரு தளத்தின் குணம் தெரியும். ஒருவர் போன் நம்பரை நடுவில் இடைவெளி விட்டுத் தட்டுகிறார். 'தவறான உள்ளீடு' என்று மேலே சிவப்பில் வருகிறது. எது தவறு? எல்லாப் பெட்டியும் வேறு காலியாகிவிட்டது. இதைவிட ஒருவரை அவமானப்படுத்த முடியாது. முதல் விஷயம், இடைவெளியை நீக்கிக்கொள்வது கம்ப்யூட்டரின் வேலை, மனிதரின் வேலை கிடையாது. உண்மையிலேயே பிழை என்றால் அந்தப் பெட்டிக்கு அடியிலேயே, 'போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது' என்று சொல்லுங்கள். தட்டியதெல்லாம் தட்டியபடியே இருக்கட்டும்.

அனுப்பியதும் ஏதாவது நடந்தது என்று தெரிய வேண்டும். பட்டனைத் தொட்டு ஒரு சலனமும் இல்லை என்றால் யாரும் இன்னொரு முறை தொடத்தான் செய்வார்கள், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழும். தொட்டவுடன் பட்டன் 'அனுப்புகிறது' என்று மாறட்டும். முடிந்ததும் 'நன்றி' என்று மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். 'இன்று மாலைக்குள் எங்கள் வரவேற்பறையிலிருந்து அழைத்து நேரத்தை உறுதி செய்வோம்' என்று எழுதினால் அவர் நிம்மதியாகப் போனை மூடுவார்.

## தந்திரமும் மோசமான டிசைன்தான்

ஆளை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் வித்தைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் டிசைனர் பெயர் வைத்தார். சேருவது ஒரு கிளிக், விலகுவதற்கு மட்டும் போன் செய்ய வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி. பொய்யாக ஓடும் 'இன்னும் 10 நிமிடமே' கடிகாரம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இவை கச்சிதமாகச் செய்தவைதான், அதனால்தான் இவற்றைத் தனியாகச் சொல்கிறேன். முன்கூட்டி டிக் போட்ட பெட்டியை குக்கிக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பே கொடுத்துவிட்டது.

## மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு முறை

வெளியிடுவதற்கு முன் மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையையும் என்டரையும் மட்டும் வைத்து நேரம் பதிவு செய்து பாருங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் ஒரு கோடாவது காட்ட வேண்டும். அடுத்து போனில் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை (ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்) இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் விவரத்தை எழுதாமல் விட்டிருந்தால், சில நேரம் கோப்பின் பெயரை எண்ணெண்ணாக ஒப்பிக்கும். 'படம்' என்று மட்டும் எழுதுவதும் வீண். 'மருத்துவமனை வாசல், இடதுபக்கம் சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதை' என்று எழுதினால் அது ஒருவருக்கு உதவும். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட் காலியாக இருக்கட்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் வேறு மொழிக் குரலில் தடுமாறும்.

## வேறொருவர் கையில் கொடுங்கள்

இதுவரை செய்த எல்லாவற்றையும்விட இது முக்கியம், செலவும் கிடையாது. தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள்: 'உங்கள் அம்மாவுக்குப் பல்வலி, நாளைக்குக் காலையில் நேரம் வாங்குங்கள்.' அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பட்டன் கண்ணெதிரே இருக்கும், அவர் அதைத் தாண்டி மேலும் கீழும் தேடுவார், 'அதோ' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது. விரல் எங்கே தயங்கியது, எங்கே திரும்பிப் போனார், எந்தச் சொல்லைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'நல்லா இருக்கு' என்பார்கள், நம்மிடம் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வார்கள்? ஐந்து பேரிடம் இப்படிப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேர். ஒரே இடத்தில் இரண்டு பேரும் தடுமாறினால் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம், பக்கத்தை மாற்றுங்கள். மாற்றியபின் புதிதாக ஒருவரைப் பிடியுங்கள்.

தளம் வெளியான பிறகு பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நியமியுங்கள். விடுமுறை நாள் மாறும், டாக்டர் மாறுவார், போன் நம்பர் மாறும். போன வருடத்து விடுமுறை அறிவிப்பு முகப்பில் தொங்கினால், கீழே இருக்கும் நேரமாவது சரியா என்று வருகிறவருக்குச் சந்தேகம் வரும். மாதம் ஒரு முறை உங்கள் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். ஸ்பாமில் போய் விழுகிறதா, எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்குப் போகிறதா என்று அப்போதுதான் தெரியும்.